சைக்கிளும் சாலைச் சட்டமும்

சைக்கிள் ஒரு வண்டியா, வண்டியல்லாத வேறொரு பொருளா? தருக்க நூல் பயிலும் மாணவன் பொழுதுபோக்காகக் கேட்கும் கேள்விபோல இது தோன்றலாம். ஆனால் ஐக்கிய அமெரிக்காவில் நூற்று நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வி சட்டசபைகளிலும் நீதிமன்றங்களிலும் மீண்டும் மீண்டும் எழுந்து வந்திருக்கிறது. சைக்கிளில் செல்பவர் சாலையின் எந்தப் பகுதியில் செல்லவேண்டும், நாற்சந்தியில் எங்கே நிற்கவேண்டும், பின்னால் வரும் மோட்டார் அவரை எவ்வளவு தூரம் ஒதுங்கிக் கடக்கவேண்டும், குழியில் விழுந்து எலும்பு முறிந்தால் யாரைக் கேட்பது என்பனவெல்லாம் இந்தக் கேள்விக்குத் தரப்படும் விடையைப் பொறுத்தவை. அந்நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சைக்கிள்காரர்கள் சாலை விபத்துகளில் உயிரிழந்தார்கள். ஆதலால் இதனை வெறும் சொற்போர் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அங்கே சாலையில் செல்வோருக்கான சட்டத்தை இயற்றுவது மத்திய அரசாங்கம் அன்று. ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கு வேண்டிய சட்டத்தைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. எல்லா மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றத்தக்க மாதிரிச் சட்டநூல் ஒன்று 1926-இல் வெளிவந்தது உண்மையே. எனினும் அது மாதிரிதான். அதை ஏற்பதும், திருத்துவதும், விடுப்பதும் அந்தந்தச் சட்டசபையின் விருப்பம். இதன் விளைவு விந்தையானது. 1982 முதல் 2017 வரை முப்பத்தைந்து ஆண்டுகள், ஐடஹோ மாநிலத்தில் சட்டம் அனுமதித்த ஒரு செயல், அதைச் சூழ்ந்துள்ள ஆறு மாநிலங்களிலும் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அது என்ன செயல் என்பதைப் பின்னர்க் காண்போம். இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். நாம் சாலையில் இடப்பக்கம் செல்கிறோம். அமெரிக்கர் வலப்பக்கம் செல்கின்றனர். ஆகவே இங்கே வலது ஓரம் என்று சொல்லப்படும் இடங்களில், நம் ஊர்ச் சாலையின் இடது ஓரத்தை மனத்தில் கொண்டால் பொருள் எளிதில் விளங்கும்.

சைக்கிள் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் அதனால் மிகவும் மிரண்டவை குதிரைகள். அந்நாளைய சைக்கிளின் முன்சக்கரம் ஆள் உயரத்தை எட்டும். பின்சக்கரம் சிறு தட்டுப்போல இருக்கும். ஓசையில்லாமல் விரைந்து வரும் அந்த உருவத்தைக் கண்டு வண்டிக் குதிரைகள் தறிகெட்டு ஓடும். குதிரை வண்டி வைத்திருந்த செல்வர்கள் கோபங்கொண்டார்கள். சில ஊர்களில் சைக்கிளுக்குத் தடை விதித்தார்கள். நியூயார்க்கின் பெரிய பூங்காவுக்குள்ளும் அது நுழையக்கூடாது என்றிருந்தது. 1880-ஆம் ஆண்டில் ரோட் ஐலந்து மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் சைக்கிள்காரர்கள் கூடி ஒரு சங்கம் நிறுவினார்கள். 'அமெரிக்கச் சக்கரவோட்டிகள் கழகம்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். சாலையில் செல்லத் தங்களுக்கு உரிமையுண்டு என்று நிலைநாட்டுவதே அதன் முதல் வேலையாயிற்று. 1887-இல் நியூயார்க் சட்டசபை ஒரு சட்டம் இயற்றி, சைக்கிளும் மற்ற வண்டிகளைப் போன்ற வண்டியே, அதற்கும் அவற்றுக்குள்ள உரிமைகளும் கடமைகளும் உண்டு என்று அறிவித்தது. சைக்கிள்காரர்கள் அதைத் தங்கள் விடுதலைப் பத்திரமாகவே கொண்டாடினார்கள்.

உரிமை கிடைத்தது; ஆனால் செல்வதற்குச் சாலை வேண்டுமே! அக்காலத்தில் அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகள் மழையில் சேறு, வெயிலில் புழுதி. ஆகையால் அந்தச் சங்கம் நல்ல சாலை வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அதற்கென்றே ஒரு பத்திரிகை நடத்தியது. சைக்கிள் உற்பத்தியாளரான ஆல்பர்ட் போப் என்பவர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களுடன் ஒரு விண்ணப்பத்தை நாட்டின் சட்டமன்றத்துக்கு அனுப்பினார். 1893-இல் மத்திய அரசாங்கம் விவசாய இலாகாவின் கீழ்ச் சாலை விசாரணை அலுவலகம் ஒன்றை அமைத்தது. பிற்காலத்தில் மோட்டார்கள் ஓடிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் வித்து அங்கேதான் ஊன்றப்பட்டது. மோட்டார் பெருகுவதற்கு முன்பே, மோட்டாருக்கு வேண்டிய சாலையைக் கேட்டு வாதாடியவர்கள் சைக்கிள்காரர்கள் என்பதை அந்நாட்டாரில் பலர் இன்று அறியார். இதே சங்கம் 1894-இல் கறுப்பு இனத்தாரை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த விதி 1999-இல்தான் முறைப்படி நீக்கப்பட்டது. தனக்குச் சாலையில் சம உரிமை கேட்டவன், தன் பக்கத்திலிருந்தவனுக்கு அதை மறுத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் சாலையை ஆளத் தொடங்கியது. சைக்கிள் சிறுவர்களின் விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் பரவியது. சட்டமும் அந்தப் பார்வையை ஏற்றது. 'சைக்கிள்காரர் சாலையின் வலது ஓரத்தை ஒட்டிச் செல்லவேண்டும்; பக்கத்தில் சைக்கிளுக்கென்று பாதை இருந்தால் சாலையை விட்டு அதிலேயே செல்லவேண்டும்' என்ற இரு விதிகள் மாதிரிச் சட்டத்தில் புகுந்தன. 1970-க்குப் பின் பெரியவர்கள் மறுபடியும் பெருந்தொகையாகச் சைக்கிள் ஏறியபோது, இந்த இரண்டு விதிகளும் வழக்குக்கு வந்தன. 1975-இல் மாதிரிச் சட்டம் சைக்கிளை மீண்டும் வண்டி இனத்தில் சேர்த்தது. கட்டாயப் பாதை விதியும் சில ஆண்டுகளில் அதிலிருந்து நீங்கியது. ஆயினும் மாதிரியில் நீங்கியது மாநிலங்களில் உடனே நீங்கிவிடவில்லை. ஆரிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். நெடுஞ்சாலைப் பணத்தில் நூற்றுக்கு ஒன்றாவது நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் செலவிடவேண்டும் என்று 1971-இலேயே சட்டம் செய்த முன்னோடி அது. அதே மாநிலத்தின் சட்டம், தக்கது என்று அதிகாரிகள் முடிவுசெய்த சைக்கிள் தடம் பக்கத்தில் இருக்குமானால் அதை விட்டு வெளியே செல்வது குற்றம் என்றும் விதித்தது. பாதையைக் கொடுத்த கையே வேலியையும் போட்டது என்று அங்குள்ள சைக்கிள்காரர் சிலர் மனம் புழுங்கினார்கள்.

வலது ஓரம் பற்றிய விதியில் ஒரே ஒரு சொல்லின்மேல் பெரிய விவாதம் நிற்கிறது. பெரும்பாலான மாநிலச் சட்டங்கள், 'நடைமுறைக்கு ஒத்த அளவில்' வலப்பக்கம் ஒதுங்கிச் செல்க என்கின்றன. ஆங்கிலத்தில் 'பிராக்டிகபிள்' என்பது அச்சொல். பின்னால் வரும் மோட்டார்க்காரரும், பல வேளைகளில் போலீஸ்காரரும், அதைக் 'கூடிய மட்டும்' என்று படித்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சாலையில் இறங்கிப் பார்த்தால் தெரியும். கூடிய மட்டும் ஒதுங்குவதானால் சாக்கடை மூடியின்மேலும், உடைந்த கண்ணாடித் துண்டுகளின்மேலும், மண் குவியலின்மேலும் செல்லவேண்டும். ஓரத்தில் கார்கள் நிறுத்தப்பட்டிருந்தால் இன்னும் ஆபத்து. காருக்குள் இருப்பவர் பின்னால் பாராமல் கதவைத் திறந்தால், ஒட்டிச் செல்லும் சைக்கிள்காரர் அதில் மோதித் தெறித்துச் சாலை நடுவில் விழுவார். ஆகையால் கதவு எட்டாத தூரத்தில் செல்வதே நடைமுறைக்கு ஒத்த வலப்பக்கம் என்பது அனுபவமுள்ளவர்களின் அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை ஒரு கொள்கையாகவே வகுத்தவர் ஜான் ஃபாரெஸ்டர். பிறப்பால் ஆங்கிலேயர், தொழிலால் பொறியியலாளர், கலிபோர்னியாவில் வாழ்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் பாலோ ஆல்டோ நகரம், சைக்கிள்காரர்கள் சாலையை விட்டு நடைமேடையில் செல்லவேண்டும் என்று விதித்தபோது அவர் அதை எதிர்த்தார். 1976-இல் அவர் எழுதிய 'எஃபெக்டிவ் சைக்கிளிங்' என்ற நூல் ஒரு தலைமுறைச் சைக்கிள்காரர்களுக்குப் பாடப் புத்தகமாக விளங்கியது. சைக்கிள்காரர் தம்மை ஒரு வண்டியோட்டியாகவே கருதி, வண்டியோட்டிகளுக்குரிய எல்லா விதிகளையும் கைக்கொண்டு, தடம் குறுகலாக உள்ள இடத்தில் அதன் நடுவில் தயங்காமல் செல்லவேண்டும் என்பது அவர் கட்சி. ஓரத்தில் பதுங்கினால் பின்னால் வருபவர் அந்த இடுக்கில் நுழைந்து கடக்க ஆசைப்படுவார். நடுவில் நின்றால் அவர் கண்ணில் படுவோம், காத்திருந்து தக்க இடத்தில் கடப்பார் என்பது அவர் காட்டிய காரணம். 2020-இல் இறக்கும்வரை அவர் இந்தக் கருத்திலிருந்து சிறிதும் வழுவவில்லை.

இதில் உள்ள கணக்கை மாணவர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு தடத்தின் அகலம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெரிய லாரியின் அகலம் எட்டரை அடிவரை இருக்கலாம். லாரிக்கும் சைக்கிளுக்கும் இடையே 3 அடி விடவேண்டும் என்றால், இரண்டும் சேர்ந்து பதினொன்றரை அடி. மிச்சம் அரை அடி. அந்த அரை அடியில் சைக்கிள்காரர் தம் உடம்பையும் கைப்பிடியையும் எங்கே வைத்துக்கொள்வார்? ஆகவே 12 அடித் தடத்தில்கூட லாரியும் சைக்கிளும் பக்கம் பக்கமாகச் செல்ல இடமில்லை. ஒதுங்கினாலும் பயனில்லாத இடத்தில் ஒதுங்கச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. இந்த நியாயத்தைப் பல மாநிலச் சட்டங்களே விதிவிலக்காக ஏற்றுக்கொண்டுள்ளன. பகிர்ந்துகொள்ள முடியாதபடி குறுகலான தடத்தில் ஓரம் போகவேண்டிய கட்டாயம் இல்லை என்கின்றன. ஆனால் விதிவிலக்கு சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஊதுகுழல் மோட்டாரில் இருக்கிறது.

ஓஹையோ மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்று இங்கே சொல்லத்தக்கது. டிராட்வுட் என்ற ஊருக்கருகே 1999-இல் ஒரு சைக்கிள்காரர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மணிக்கு 15 மைலுக்கு மேல் அவரால் போக இயலவில்லை. அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 45 மைல். போக்குவரத்துக்கு இடையூறாக மெதுவாகச் சென்றார் என்று போலீஸார் குற்றஞ்சாட்ட, கீழ்நீதிமன்றமும் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் அதைத் தள்ளிவிட்டது. ஒரு வண்டி தன் இயல்புக்கேற்ற வேகத்தில் செல்வதைக் குற்றமென்றால், அந்த வண்டியையே சாலையிலிருந்து விலக்கியதாகும். சட்டசபை அப்படி விலக்கவில்லையே என்பது தீர்ப்பின் சாரம். நாடெங்கும் உள்ள சைக்கிள்காரர்கள் இத்தீர்ப்பை நன்றியோடு குறிப்பிடுவதுண்டு.

எனினும் ஃபாரெஸ்டரின் கட்சி எல்லாச் சைக்கிள்காரர்களின் கட்சியும் அன்று. அவரை மறுப்பவர்களின் கேள்வி எளியது. உடல் வலிமையும் நெஞ்சுரமும் உள்ள முப்பது வயது மனிதர் லாரிக்கு முன்னால் தடத்தின் நடுவில் செல்லலாம்; எட்டு வயதுப் பிள்ளை பள்ளிக்கு அப்படிப் போக முடியுமா? எழுபது வயது மூதாட்டி கடைக்குப் போக முடியுமா? அவர்களுக்கு வேண்டியது உரிமைப் பத்திரம் அன்று. மோட்டார் நுழைய முடியாதபடி பிரிக்கப்பட்ட பாதை. இன்று அமெரிக்க நகரங்களில் இந்தக் குரலே ஓங்கி ஒலிக்கிறது. என் வரையில், பாதை வேண்டும் என்பாரின் பக்கமே நியாயம் கூடுதலாகத் தெரிகிறது. ஆனால் பாதை இல்லாத சாலைகளே எண்ணிறந்தவை. அவற்றில் செல்கிறவர்களுக்கு ஃபாரெஸ்டரின் பாடம் இன்னும் தேவைப்படுகிறது.

இனி, கடக்கும் தூரத்தைப் பற்றிய சட்டம். சைக்கிளைக் கடக்கும் மோட்டார் குறைந்தது 3 அடி விலகிச் செல்லவேண்டும் என்று 1973-இல் விஸ்கான்சின் மாநிலம் விதித்தது. பல மாநிலங்கள் பின்னர் அதைத் தழுவின. பென்ஸில்வேனியா 4 அடி கேட்டது. தெற்கு டக்கோட்டா, வேகம் மணிக்கு 35 மைலுக்கு மேற்பட்ட சாலையில் 6 அடி வேண்டும் என்றது. கலிபோர்னியாவில் மட்டும் வழி கரடுமுரடாக இருந்தது. 2011-இலும் 2012-இலும் சட்டசபை நிறைவேற்றி அனுப்பிய மசோதாவைக் கவர்னர் ஜெர்ரி பிரௌன் இரண்டு முறையும் திருப்பிவிட்டார். மூன்றாம் முறை, 2013-இல், கையொப்பமிட்டார். 2014 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2023 தொடக்கத்திலிருந்து அம்மாநிலம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. பக்கத்தில் வேறு தடம் இருந்து, அதற்கு மாறுவது இயலுமாயின், மோட்டார்க்காரர் தடம் மாறியே சைக்கிளைக் கடக்கவேண்டும் என்று சட்டம் ஆயிற்று.

இந்த 3 அடியைப் பற்றிச் சைக்கிள்காரர்களிடையே இரு வேறு அபிப்பிராயங்கள் உண்டு. சாலையில் அளவுகோல் பிடித்துக்கொண்டு நிற்பவர் யார் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். மோட்டார் உராய்ந்து கீழே தள்ளிய பிறகே 3 அடி விடவில்லை என்பது உறுதியாகிறது. அதற்குமுன் ஓட்டியவரின் சொல்லுக்கு எதிராகச் சைக்கிள்காரரின் சொல். மறுசாரார், சட்டம் தண்டிப்பதற்காக மட்டும் இருப்பதன்று, கற்பிப்பதற்கும் உரியது என்கிறார்கள். 'பாதுகாப்பான தூரம்' என்று பொதுவாகச் சொன்னால் அவரவர் மனம்போல் பொருள் கொள்வர். 3 அடி என்றால் மோட்டார் ஓட்டப் பழகுபவர் அதை மனப்பாடம் செய்தே தேர்வுக்குப் போகவேண்டும். டென்னஸி மாநிலத்தின் சாட்டனூகா நகரப் போலீஸார் 2015-இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். போலீஸ்காரர் ஏறிச் செல்லும் சைக்கிளின் கைப்பிடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தினார்கள். வௌவால் இருளில் சுவரை அறிவதுபோல, அது செவிக்கெட்டாத ஒலியலையை அனுப்பி, கடக்கும் வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணித்துவிடும். அம்மாநிலத்தின் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், சைக்கிளில் சென்றபோது மோட்டார் மோதி இறந்த இருவரின் பெயரைத் தாங்கியது.

முதலில் சொன்ன ஐடஹோ விந்தைக்கு இப்போது வருவோம். அமெரிக்கச் சிற்றூர்களிலும் நகரத் தெருக்களிலும் சந்திதோறும் எண்கோண வடிவில் சிவப்புப் பலகை ஒன்று நிற்கும். 'நில்' என்பது அதில் உள்ள ஒரே சொல். எதிரே ஒரு காக்கை குருவி இல்லாவிட்டாலும் வண்டி முழுவதும் நின்றே புறப்படவேண்டும். 1982-இல் ஐடஹோ மாநிலம் தன் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, சைக்கிள்காரர் மட்டும் அந்தப் பலகையை 'வழிவிடு' என்று கருதினால் போதும் என்று விதித்தது. வேகத்தைக் குறைக்கவேண்டும், வேறு யாரேனும் வந்தால் நின்று வழிவிடவேண்டும், ஒருவரும் இல்லையானால் நில்லாமலே செல்லலாம். சிவப்பு விளக்கில் நின்று, பார்த்து, வழி தெளிவாயிருந்தால் செல்லலாம். இதை முன்மொழிந்தவர் சைக்கிள்காரர் சங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். மாநில நீதிமன்றங்களின் நிர்வாகியான கார்ல் பியாங்க்கி. நில்லாமல் சென்ற சைக்கிள்காரர்களின் அற்பக் குற்றங்கள் நீதிபதிகளின் நேரத்தை விழுங்குகின்றன என்ற கவலையே அதற்குத் தூண்டுகோல்.

சைக்கிள்காரர்கள் ஏன் நிற்க விரும்புவதில்லை என்பதற்குப் பௌதிகம் விடை சொல்கிறது. பெர்க்லி பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் ஜோயல் ஃபஜான்ஸ், மெலனி கரி என்பவரோடு சேர்ந்து 2001-இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். வேலைக்குச் செல்லும் சாதாரண சைக்கிள்காரரின் கால்கள் தரும் ஆற்றல் சுமார் 100 வாட்; படிக்கும் விளக்கு ஒன்றுக்குப் போதுமானது, அவ்வளவுதான். அதைக் கொண்டு சமதரையில் மணிக்குப் பன்னிரண்டரை மைல் போகலாம். ஆனால் 300 அடிக்கு ஒரு நில் பலகை இருந்து, ஒவ்வொன்றிலும் முழுவதும் நின்று புறப்பட்டால், சராசரி வேகம் சுமார் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்துவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும் என்று படித்திருக்கிறோம். மணிக்கு 10 மைல் வேகத்தில் வருபவர் முற்றிலும் நிற்காமல் 5 மைலாகக் குறைத்துச் சென்றால், வேகம் பாதியாகும்; ஆற்றலில் கால் பங்கு கையில் மிஞ்சும். அதாவது, மறுபடி பழைய வேகத்தை எட்ட முக்கால் பங்கு உழைத்தால் போதும். மோட்டார்க்காரருக்கு இது வலது பாதத்தைச் சற்றே அழுத்தும் வேலை. சைக்கிள்காரருக்கோ ஒவ்வொரு சந்தியும் ஒரு சிறு மேடு. பள்ளிக்குச் சைக்கிள் மிதித்துச் செல்லும் மாணவர் எவருக்கும் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகள் ஐடஹோ தனித்தே நின்றது. 2017-இல் டெலவேர் மாநிலம் சிறு சாலைகளுக்கு மட்டும் இதே விதியை ஏற்றது. அதன்பின் ஆர்க்கன்ஸா, ஆரிகன், வாஷிங்டன், யூட்டா, கொலராடோ, மினஸோட்டா முதலிய மாநிலங்கள் 2019-க்கும் 2023-க்கும் இடையில் தொடர்ந்தன. கலிபோர்னியாவில் சட்டசபை நிறைவேற்றியதைக் கவர்னர் 2021-இல் மறுத்தார். ஐடஹோவில் சட்டம் வந்த மறுவருடம் சைக்கிள் விபத்துக் காயங்கள் நூற்றுக்குப் பதினான்கரை வீதம் குறைந்தன என்றும், டெலவேரில் சட்டத்துக்கு முந்திய 30 மாதங்களோடு ஒப்பிடப் பிந்திய 30 மாதங்களில் நில் பலகைச் சந்திகளில் நேர்ந்த சைக்கிள் விபத்துகள் நூற்றுக்கு 23 வீதம் குறைந்தன என்றும் கணக்குகள் உள்ளன. சிறு மாநிலங்களின் சிறு தொகைகள் இவை. விபத்து குறைவதற்குப் பிற காரணங்களும் இருக்கலாம். ஆகையால் இச்சட்டம் உயிர் காத்தது என்று அடித்துச் சொல்வதைவிட, அஞ்சியபடி உயிர் பறிக்கவில்லை என்று சொல்வதே பொருந்தும். இந்தச் சலுகையை விரும்பாத சைக்கிள்காரர்களும் இருக்கிறார்கள். எல்லா வண்டிகளுக்கும் ஒரே விதி என்றிருந்தால்தான் நாமும் வண்டி என்று வாதாட முடியும். நமக்கென்று தனி விதி கேட்டால், நாளை நமக்கென்று தனித் தடையும் வரும் என்பது அவர்கள் அச்சம். ஃபாரெஸ்டர் வழிவந்தவர்களின் இந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

சிவப்பு விளக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பல சந்திகளில் விளக்கு தானாக மாறுவதில்லை. சாலைக்கு அடியில் கம்பிச் சுருள் பதித்து, அதன்மேல் பெரிய உலோகப் பொருள் வந்து நின்றால்தான் பச்சை விழும்படி அமைத்திருக்கிறார்கள். காரை உணரும் சுருள், சைக்கிளைப் பல வேளைகளில் உணர்வதில்லை. இரவில் தனியே வரும் சைக்கிள்காரர், ஒரு கார் வந்து தம்மை மீட்கும்வரை சிவப்பைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும். சட்டத்தை மீற விரும்பாத நல்லவருக்கே இந்தத் தண்டனை. இதற்காக விஸ்கான்சின், 45 விநாடி நின்று பார்த்துப் பின் செல்லலாம் என்றது. வர்ஜீனியா 120 விநாடி, அல்லது விளக்கின் இரண்டு சுற்று, காத்திருக்கச் சொன்னது. பொறியியல் பிழையைச் சட்டம் தைத்து ஒட்டிய இடம் இது.

தலைக்கவசத்தைப் பற்றிய விவாதம் இவை எல்லாவற்றிலும் சூடானது. பல மாநிலங்கள் சிறுவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியுள்ளன. கலிபோர்னியாவில் 1994 முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிந்தே தீரவேண்டும். வயது வந்தோர் எல்லோருக்கும் எந்த மாநிலமும் இதை விதிக்கவில்லை. ஆனால் சியாட்டில் நகரைச் சூழ்ந்த கிங் மாவட்டத்தில் 1993 முதல் எல்லா வயதினரும் அணியவேண்டும் என்றிருந்தது. 2003-இல் அந்நகரமும் இதில் சேர்ந்தது. விழுந்தவர் தலையைக் கவசம் காக்கும் என்பதில் சைக்கிள்காரர்களிடையே பெரிய மறுப்பில்லை. பெரும்பாலோர் அணிந்தே சென்றார்கள். ஆயினும் அபராதச் சீட்டுகளை ஆராய்ந்து பார்த்தபோது சியாட்டிலில் ஏறத்தாழப் பாதி, வீடற்ற ஏழைகளுக்கே கொடுக்கப்பட்டிருந்தது. கறுப்பு இனத்தார் வெள்ளையரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகப் பிடிபட்டிருந்தார்கள். ஏழையை நிறுத்திச் சோதிக்க ஒரு சாக்காகவே சட்டம் பயன்பட்டது என்ற முறையீட்டை ஏற்று, 2022 பிப்ரவரியில் மாவட்டச் சுகாதாரக் குழு அதை ரத்துசெய்தது. கவசத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அணிய ஊக்குவிப்போம், தண்டிக்க மாட்டோம் என்றது. சங்கம் 1894-இல் கதவடைத்தது ஒரு வழி; சாலையில் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தியது இன்னொரு வழி.

ஆரிகன் மாநிலம் 2007-இல் வேறொரு திசையில் சென்றது. கவனக்குறைவாக மோட்டார் ஓட்டி, நடப்பவருக்கோ சைக்கிள்காரருக்கோ உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ விளைவித்தவர், சாலைப் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, 100 முதல் 200 மணி நேரம் சமூகத் தொண்டு செய்யவேண்டும். தவறினால் 12,500 டாலர் வரை அபராதமும் உரிம இழப்பும் உண்டு. ஓர் உயிர் போன பிறகும் சில்லறை அபராதத்தோடு வழக்கு முடிந்துவந்ததைக் கண்டு கொதித்த சைக்கிள்காரர்கள் இதை வரவேற்றார்கள்.

கடைசியாக இல்லினாய் மாநிலம். இங்கேதான் முதலில் கேட்ட கேள்வி தன் முழு உருவத்தையும் காட்டுகிறது. சைக்கிள்காரருக்கு மோட்டார் ஓட்டுபவருக்குள்ள உரிமைகளும் கடமைகளும் உண்டு என்று அம்மாநிலச் சட்டம் தெளிவாகவே கூறுகிறது. 1992-இல் வேன் என்ற ஊராட்சியில் ஒரு சைக்கிள்காரர் பலகைப் பாலம் ஒன்றைக் கடந்தார். பழுதுபார்க்கும் வேலைக்காகப் பலகைகளின் இடையே இருந்த தார்ப்பூச்சைப் பெயர்த்திருந்தார்கள். முன்சக்கரம் அந்த இடுக்கில் சிக்க, அவர் தூக்கியெறியப்பட்டுப் படுகாயமுற்றார். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அங்கே ஊராட்சிகளின் பொறுப்பைப் பற்றிய சட்டம் ஒன்றுண்டு: எவருடைய உபயோகத்தைக் கருதிச் சாலை அமைக்கப்பட்டதோ அவர்களுக்கு மட்டுமே, அதைப் பழுதின்றி வைத்திருக்கும் கடமை ஊராட்சிக்கு உண்டு. 1998-இல் நான்கு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, பெரும்பான்மையோர் சொன்ன முடிவு இது: சைக்கிள்காரர் சாலையில் அனுமதிக்கப்பட்டவர், ஆனால் சாலை அவரைக் கருதி அமைக்கப்பட்டதன்று. சைக்கிளுக்கென்று கோடோ பலகையோ இருந்தால் வேறு விஷயம்; இல்லையேல் ஊராட்சிக்குப் பொறுப்பில்லை.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை உள்ளே விட்டு, தரையில் உள்ள ஓட்டைக்கு நாங்கள் பிணையல்ல என்பதுபோல இருக்கிறது இது. கடமையில் அவர் வண்டியோட்டி. சிவப்பு விளக்கில் நில்லாவிட்டால் அபராதம் உண்டு. குழியில் விழுந்தால் மட்டும் அவர் அனுமதிக்கப்பட்ட அந்நியர். தீர்ப்பின் பின்விளைவு இன்னும் கசப்பானது என்று அம்மாநிலச் சைக்கிள்காரர்கள் எடுத்துக்காட்டினார்கள். கோடு போட்டால் பொறுப்பு வரும், போடாவிட்டால் வராது என்றால், சிக்கனமான ஊராட்சி எதைச் செய்யும்? சைக்கிள் பாதைக்கு அடையாளம் இடுவதையே தவிர்த்துவிடும்.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துச் சிகாகோ நகரைப் பற்றிய ஒரு வழக்கில் இதே கேள்வி மறுபடியும் அதே உச்ச நீதிமன்றத்தின்முன் வந்தது. 2019-இல் ஒரு சைக்கிள்காரர் நகரத்தின் நாற்சந்தி ஒன்றில் சாலைக் குழியில் விழுந்து காயமடைந்திருந்தார். முதல் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பின் வழியே நின்று, அந்த இடத்தில் சாலை சைக்கிள்காரரைக் கருதி அமைக்கப்பட்டதாகக் கொள்வதற்கில்லை என்று நகரத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அவர் விழுந்த குழிக்கு அருகிலேயே, நகரத்தின் வாடகைச் சைக்கிள்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் நிலையம் ஒன்று இருந்தது.